மஞ்சள் லாரியும் தீட்டுக் கழிக்கும் தண்ணீரும்

வியாழன், காலை 6.30. ஷார்ஜாவிலிருந்து மஸ்கட் பஸ் கிளம்பியது. டிக்கெட் நூறு திர்ஹம். ரோலாவில் என் அறையிலிருந்து பஸ் நிலையம் நடக்கிற தூரம்தான். ஆனால் ஐம்பத்து நான்கு வயது முழங்கால்களுக்கு அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது. பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை எனக்கு. வார விடுமுறைகளில் ஜெபக்கூட்டங்களில் வேதபாடம் எடுப்பேன். என் மனைவியின் தம்பி ஜெபராஜ் மஸ்கட்டில், ரூவி பகுதியில் ஏசி மெக்கானிக். “அத்தான், பழைய ஏற்பாட்டுல கழுவுறது, தீட்டு, சுத்தம், இதைப் பத்திப் பேசுங்க. எங்க ரூமுக்கு ரொம்பத் தேவை” என்று இரண்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

9.00. எல்லை. எல்லோரையும் இறக்கி, பெட்டிகளை வரிசையாக வைக்கச் சொன்னார்கள். வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். பக்கத்தில் நின்ற காயல்பட்டினத்து ஜவுளி வியாபாரி, “வருசத்துக்கு ஆறு தடவ நிக்கிறேன், காலு மட்டும் பழகவே இல்ல” என்றார். அதற்குப் பிறகு மஸ்கட் வரை ஒரு பக்கம் மொட்டை மலை, ஒரு பக்கம் பேரீச்சந்தோப்பு. பாதி தூரம் தூங்கினேன்.

மாலை 3.40. மஸ்கட்டின் அசைபா பஸ் நிலையத்தில் இறங்கி, டாக்சியில் ரூவி வந்தேன். மூன்றாம் மாடி. ஒரே அறையில் ஆறு கட்டில். ஐந்தில் மெத்தை இருந்தது. ஆறாவது வெறும் பலகை.

“இதுல யாரு?” என்றேன்.

ஜெபராஜ் குரலைத் தாழ்த்தினான். “வீரமணின்னு ஒருத்தன், பெரம்பலூர்ப் பக்கம். மஞ்ச லாரி ஓட்டுதான். வாடை தாங்கல அத்தான். ரெண்டு மாசமா மொட்டை மாடியிலதான் படுக்கான். ரூமை விட்டே போகச் சொல்லணும், எங்களுக்கு வாய் வரல. நீங்க வேதத்துலருந்தே சொல்லிட்டீங்கன்னா...”

மஸ்கட்டில் குடிதண்ணீர் லாரிக்கு நீல நிறம். வீடுகளின் கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு போகும் லாரிக்கு மஞ்சள். ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்தது பாடம் நடத்த அல்ல, தீர்ப்புச் சொல்ல என்று அப்போதுதான் புரிந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

மாலை 6.30. பத்துப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். வீரமணி வந்தான். நாற்பது வயதிருக்கும். குளித்து, தலைமுடி ஈரமாக, சலவைச் சட்டையோடு வந்து, செருப்பு வைக்கிற இடத்தைத் தாண்டாமல் நின்றுகொண்டான்.

பலி செலுத்தும் ஆசாரியர்கள் கை கால் கழுவிய வெண்கலத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். புழுதியில் நடந்து வந்த விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்ததைச் சொன்னேன். செத்ததைத் தொட்டவன் துணியைத் தோய்த்துக் குளிக்க வேண்டும். பல தீட்டுகள் அன்று சாயங்காலம் வரைதான், அதன் பிறகு அவன் எல்லோரையும் போலத்தான் என்றேன்.

அப்புறம் நான் யோசித்து வைத்திராத ஒன்று வாயில் வந்தது. பிணத்தைத் தொட்டவர்களின் தீட்டைக் கழிக்க ஒரு சிவப்புக் கிடாரியை எரித்து, அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கலப்பார்கள். தீட்டுப்பட்டவன் மேல் அதைத் தெளித்தால் அவன் சுத்தமாவான். ஆனால் கிடாரியை எரித்தவனும், சாம்பலை அள்ளியவனும், தண்ணீரைத் தெளித்தவனும் தீட்டாகிவிடுவார்கள்.

“ஊரைச் சுத்தம் பண்றவன் மேல அழுக்கு ஒட்டத்தான் செய்யும். அவனும் சாயங்காலம் குளிச்சிட்டு உள்ளே வரலாம். வெளியிலேயே கிடன்னு அந்தச் சட்டம் அவனைச் சொல்லல.”

ஜெபராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “மெத்தையக் கொண்டாந்து போடு வீரமணி. மாடியில சூடு” என்றான். அவன் முகம் சிவந்திருந்தது.

சாப்பிடும்போது வீரமணி என் பக்கத்தில் உட்கார்ந்தான். “வீட்டுல தண்ணி லாரி ஓட்டுறேன்னுதாண்ணே சொல்லியிருக்கேன். போட்டோ கேட்டா நீல லாரி பக்கத்துல நின்னு எடுத்து அனுப்புவேன்” என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு மனசு நிறைந்திருந்தது. என்னைப் பற்றியே நிறைந்திருந்தது என்று இப்போது சொல்ல வேண்டும்.

வெள்ளி, காலை 5.20. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீரமணி என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். “வாங்கண்ணே, நான் அசைபா வழியாத்தான் போறேன். பஸ்கிட்டயே விட்டுர்றேன்.”

தெருவோரம் மஞ்சள் லாரி நின்றது. பத்தடி தூரத்திலேயே வாடை தொண்டையில் இறங்கியது. அவன் கதவைத் திறந்தான். எனக்கான இருக்கையில், மடிப்புக்கூடக் கலையாத புதுத் துண்டு ஒன்றை விரித்திருந்தான்.

நான் நின்றேன். கால் வலி என்று சொல்லியிருக்கலாம், ஏற முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் என் வலது கை, எனக்குத் தெரியாமலே மூக்கருகே போயிருந்தது.

அவன் அதைப் பார்த்தான். உடனே கதவைச் சாத்தினான். “இது ஏறி எறங்க ஒசரம் ஜாஸ்திண்ணே. நான் ஒரு மடையன். இருங்க” என்று ரோட்டுக்கு ஓடி, ஒரு டாக்சியை நிறுத்தி, இந்தியில் பேரம் பேசி, பையை வைத்தான். நான் ஏறி உட்கார்ந்தேன். அவன் கை நீட்டவில்லை, கும்பிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. எல்லையில் மறுபடியும் பையை இறக்கி வைத்தபோது, சுங்க அதிகாரி ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். கசங்கிய சட்டை, வேதப் புத்தகம், நேற்றைய குறிப்புகள். “போ” என்றார்.

ரோலாவில் பதினோரு வருடமாக நான்காம் மாடியில் இருக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, சங்கிலியை இழுத்தால் எல்லாம் போய்விடுகிறது. எங்கே போகிறது, யார் கொண்டுபோகிறார்கள் என்று என் கண்ணில் படுவதே இல்லை. அதனால் அவ்வளவு நன்றாகப் பேச முடிந்திருக்கிறது.

மறுநாள் ஜெபராஜ் போன் செய்தான். “அத்தான், அவன் நேத்தும் உள்ளதான் படுத்தான். முதல்ல ரெண்டு பேருக்குக் கஷ்டமா இருந்துச்சு, அப்புறம் தூங்கிட்டாங்க. எல்லாம் உங்க பேச்சுதான். இருங்க, அவன் பேசணுங்கான்.”

“அண்ணே, நல்லபடியாப் போய்ச் சேந்தீங்களா? அந்த டாக்சிக்காரன் சுத்தாம நேரா கொண்டுபோய் விட்டானா? எனக்கு அதே நெனப்பாவே இருந்துச்சு.”

“நேராத்தான் விட்டான் வீரமணி” என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், டூட்டிக்கு நேரமாகிறது என்று அவன் போனை வைத்துவிட்டான்.