அண்ணன் கடையில் நான் ஒட்டிய காகிதம்

பேரையூரில் பிறந்து, வில்லாபுரத்தில் இட்லி மாவுக் கடை நடத்தி, சென்ற ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த என் அண்ணன் அவர்களைப் பற்றி, நம் சொந்தங்களுக்காகப் போடும் இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். அவரிடம் நல்லது மட்டும்தான் இருந்தது. மற்றவை நம்மைப் பற்றியவை.

மழை பொய்த்த வருடம், மதினியையும் ஒரு கிரைண்டரையும் அழைத்துக்கொண்டு மதுரைக்கு வந்தார். கடைக்குப் பெயர்ப் பலகைகூட வைக்கவில்லை. மாவு பொங்காத நாளில் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார்.

"இன்னைக்கு வேணாம்மா. இட்லி கல்லு மாதிரி வரும். ஒங்க மாமியா என்னைய வைய மாட்டாக, ஒன்னையத்தான் வைவாக."

திரும்பிப் போன பெண்கள் தெருவெல்லாம் அதைச் சொன்னார்கள். ஏமாற்றாத கடை ஒன்று தனக்குத் தெரியும் என்பதில் சொல்பவருக்கும் ஒரு பெருமை. வாய்வழி விளம்பரம் என்பது அவ்வளவுதான். அவனியாபுரத்திலிருந்தும் தூக்குவாளியோடு வந்தார்கள்.

பிறகு ஒரு காதுகுத்து விருந்தில் நம் உறவினர் ஒருவர், மாவு புளிக்காமலிருக்க அண்ணன் ஏதோ மருந்து கலப்பதாகச் சொன்னார். அதைச் சொல்வதிலும் அதே பெருமைதான். கூட்டம் பாதியானது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். மாவை உரிய படிவத்தோடு ஆய்வகத்துக்கு அனுப்பி, 'கலப்படம் இல்லை' என்ற அறிக்கையைப் பெற்று, கடை முன்னால் ஒட்டினேன்.

"வேணாம்டா தம்பி. நம்மகிட்ட யாரு கேட்டா?" என்றார் அண்ணன்.

"கேக்க மாட்டாங்கண்ணே. அதான் ஒட்டுறேன்."

மறுநாள் ஒரு பெண் அதைப் படித்துவிட்டுத் தோழியிடம் சொன்னார்: "ஒண்ணுமில்லாமயாக்கா இம்புட்டுப் பெரிய காயிதம் ஒட்டிருக்காக? ரெய்டு வந்துருக்கும் போல."

நான் பதறிப்போய்க் கிழித்தேன். "லைசென்ஸைப் புடுங்கிட்டாகளாம்" என்றார்கள்.

மூன்றே மாதத்தில் கடையை மூடினார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரர் "என்ன தொழில்ண்ணே?" என்று கேட்டார். "சும்மாத்தான் இருக்கேன்" என்றார் அண்ணன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருத்துவமனைக்கு அலைந்தவர்களுக்கும், காரியத்துக்கு வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தியில் "அண்ணே மாவு மாதிரி வராதுப்பா" என்று பலர் பேசிக்கொண்டீர்கள். மதினியிடம் ஒருவரும் சொல்லவில்லை. இப்போதாவது போய்ச் சொல்லுங்கள். கடை இனித் திறக்கப்போவதில்லை. அதனால் தாராளமாகச் சொல்லலாம்.