சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

துரையின் காரைக் கொண்டுபோய் வேலியில் மோதியது ஓர் எலுமிச்சம்பழம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அன்றைக்குப் போலீஸ்காரர்களும் முதலில் நம்பவில்லை. ஆனால் நடந்தது அதுதான். பழத்தை வைத்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது இருந்தோம். எனக்கு எட்டு வயது. மலாயாவில் வெள்ளைக்கார ஆட்சி, காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். சாயந்திரம் ஆறு மணிக்குப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்த பிறகே வெளியே விடுவார்கள். காலையில் பசியாறச் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. பெரியவர்கள் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு மத்தியானம்வரை பால் வெட்டினார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஒளிந்து விளையாடும்போது ஓடக்கூடிய கடைசி எல்லை வேலி, அவ்வளவுதான்.

அப்பா, தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் காரோட்டி. துரையின் பங்களா குன்றின்மேல் இருந்தது, கார் கொட்டகையும் அங்கேதான். அப்பாவுக்கு முன்னால் இருந்த காரோட்டி, கதவில் ஒரு கீறல் விழுந்ததற்காக வேலையை இழந்து கெமாஸ் பக்கம் போய்விட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கீறலை அப்பா பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் அதை நினைத்துக்கொண்டுதான் காரைத் துடைத்தார் என்று நினைக்கிறேன். கைப்பிரேக் கொஞ்சம் தளர்ந்திருந்தது. சிரம்பான் டவுனில் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா பலமுறை சொல்லியும் துரைக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் ரப்பர் மரக்கட்டை ஒன்றை முக்கோணமாகச் செதுக்கி எப்போதும் காரிலேயே வைத்திருப்பார். காரை எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்.

ஆயுத பூசைக்கு மட்டும் துரை காரை லயத்துக்குக் கொண்டுபோக அனுமதிப்பார். மாரியம்மன் கோயில் முன்னால் வெட்டுக் கத்திகள், வாளிகள், மண்வெட்டிகள் எல்லாம் குவிந்திருக்க, நடுவில் கறுப்புக் கார் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அந்த வருஷம் பூசாரி, கார் கிழக்கு பார்த்து நின்றால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார். கிழக்கே சரிவு. சரிவின் அடியில் வேலி. அப்பா காரைக் கிழக்கே திருப்பி நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்து, காலால் உதைத்துப் பார்த்துவிட்டுக் கைகழுவப் போனார்.

"நாலு சக்கரத்துக்கும் முன்னால ஒவ்வொரு பழம் வையிடா" என்று மாமா என் கையில் நான்கு எலுமிச்சம்பழங்களைத் தந்தார். அம்மாவின் தம்பி அவர். ரப்பர் பால் ஸ்டோரில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டத்தில் வாய் திறக்காது. அதனால் இப்படிப்பட்ட வேலைகள் எனக்குத்தான் வரும்.

மூன்று பழங்களை ஒழுங்காக வைத்தேன். நான்காவது சக்கரத்தில் பழம் இருக்கவேண்டிய இடத்தில் கட்டை இருந்தது. கட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் சக்கரம் ஏறாது; ஏறாவிட்டால் நசுங்காது; நசுங்காவிட்டால் கண்ணேறு கழியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. கட்டையை இழுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழத்தை வைத்தேன். கார் அசையவில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

பூசாரி சூடம் காட்டினார். பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு பின்பக்கமெல்லாம் குங்குமம் வைத்தார்கள். அந்த நெருக்கலோ என்னவோ, கார் மெல்ல நகர்ந்தது. முன்சக்கரம் பழத்தை நசுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். கார் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சரிவில் இறங்கியது. குலவை இன்னும் பலமாயிற்று. அப்போதுதான் யாரோ, கும்பிட்டபடி கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்திருக்கிறார்கள்.

"டிரைவரண்ணே! நீங்க இங்க இருக்கீங்க, அப்ப யாரு ஓட்டுறா?"

அப்பா ஓடினார். அதற்குள் கார் வேலிக்கம்பத்தில் முட்டி நின்றுவிட்டது.

கம்பம் சாய்ந்து இரண்டு கம்பிகள் அறுந்திருந்தன. காரின் முன் பம்பரின் இடதுபக்கம் உள்ளே மடங்கி டயரைத் தொடும் அளவுக்கு வந்திருந்தது. அப்பா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளுப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு எழுந்து தரையெல்லாம் கட்டையைத் தேடினார். அதை நான் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போய் விறகடுக்கின் அடியில் சொருகிவிட்டேன்.

திரும்பி வந்தபோது மாமா வேலையில் இறங்கியிருந்தார்.

"தாக் அப்பா லா, பரவால்ல மச்சான், இது ஒரு அடியா? ஆறு மணிக்குள்ள முடிச்சிரலாம்."

காரை மேட்டுக்கு ஏற்றி, அங்கே நின்ற பலாமரத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தச் சொன்னார். மரத்தில் இரும்புச் சங்கிலியைக் கட்டி, மறுமுனையைப் பம்பரின் மடங்கிய இடத்தில் கொக்கியால் மாட்டினார். மரத்துக்கு எதிர்ப்பக்கமாக அப்பா காரை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்தார். "இன்னும்... இன்னும்... போதும்!" இரும்பு முனகிக்கொண்டே வெளியே வந்தது. பிறகு மாமா பம்பருக்குப் பின்னால் சாக்குத் துணியை மடித்து வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி நெளிவெடுத்தார். பளபளப்பு உரிந்துபோன உள்ளங்கையளவு இடத்தில், கோயில் சூலத்துக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளிப் பெயிண்டைப் பூசினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அப்படியே வேலிக்கும் போனார். கம்பத்தை நிமிர்த்திக் கல் வைத்து இடித்து, அறுந்த கம்பிகளை இழுத்துக் குறடால் முறுக்கிவிட்டார்.

"முன்ன இருந்தத விட ஸ்ட்ராங்கு" என்றார்.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "தொரைகிட்ட சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லிட்டு கெமாஸுக்குப் போவோமா?" என்று அம்மா கேட்டாள்.

கடைசி வீட்டு அத்தை முன்னால் வந்தாள். சொந்த அத்தை இல்லை. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகளோடு வேலிக்கு ஒட்டின வீட்டில் இருந்தவள். "டிரைவரண்ணே, நாங்க யாரும் ஒன்னும் பாக்கல. நீங்க வண்டிய எடுங்க" என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காருக்கு மிக அருகில் நின்று, மிகப் பலமாகக் குலவை போட்டவளே அவள்தான்.

மறுநாள் காலை வேலைக்கு யாரையும் விடவில்லை. விடியற்காலையில் வேலியைச் சுற்றி வந்த காவலர்கள், முறுக்கிய கம்பியைப் பார்த்துவிட்டார்கள். வேலியை அறுத்து, திரும்பவும் சேர்த்து முறுக்கி வைப்பது அரிசி கடத்துகிறவர்களின் வழக்கம். வேண்டியபோது பிரித்துச் சாமானை வெளியே தள்ளிவிட்டு மறுபடியும் முறுக்கிவிடலாம். மாமா மட்டும் அவ்வளவு நேர்த்தியாக முறுக்காமல் இருந்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள்.

தினமும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். துரையும் சிரம்பானிலிருந்து வந்த போலீஸ் அதிகாரியும் அப்பா ஓட்டிய அதே காரில் வந்து இறங்கினார்கள். அதிகாரி இங்கிலீஷில் பேசப் பேச, தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அதைத் தமிழில் கத்தினார்.

"வேலிய யாரு அறுத்தது? சொல்லிட்டா அவனோட போயிரும். சொல்லாட்டி இந்த வாரம் ஒருத்தருக்கும் அரிசி கெடையாது!"

வெயில் ஏறியது. மாமா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் முறை கேட்டார்கள், மூன்றாம் முறையும் கேட்டார்கள். பிறகு, அறுந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பது யார் வீடு என்று பார்த்து, கடைசி வீட்டு அத்தையை வெளியே இழுத்தார்கள்.

"தெரியாதுங்க தொரெ" என்றாள். எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொன்னாள். போலீஸ் லாரியின் பின்கதவைத் திறந்தார்கள். அவளுடைய பெண்கள் இரண்டும் வீறிட்டன.

அப்பா தொப்பியைக் கழற்றிக் காரின் மேல் வைத்துவிட்டு நடந்து வந்தார்.

"தொரெ, அந்தம்மாவ விட்ருங்க. வேலிய யாரும் அறுக்கல. நம்ம காரு தானா உருண்டு போயி இடிச்சிருச்சி. நாந்தான் சொல்லாம மறச்சிட்டேன்."

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். அவர் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னதைக் கேட்டு அதிகாரி காரைச் சுற்றிவந்து பார்த்தார். ஒரு நெளிவும் இல்லை. மாமாவின் கைவேலை அப்படி. அதிகாரி அப்பாவைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. யாரையோ காப்பாற்ற இந்த ஆள் கதை கட்டுகிறான் என்று அவர் சொன்னதாகக் கிராணி மெதுவாகச் சொன்னார். அப்பா குனிந்து பம்பரை நகத்தால் சுரண்டினார். காயாத வெள்ளிப் பெயிண்ட் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலைத் தூக்கிக் காட்டினார்.

துரை அந்த விரலைப் பார்த்தார். "நீ தினம் கட்டை வைப்பான். நேத்து ஏன் வைக்கலே?"

அப்பா விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "மறந்துட்டேன் தொரெ."

அதைக் கேட்டதும் அதிகாரி, அப்பாவை ஏற்றச் சொல்லி லாரியைப் பார்த்துக் கைகாட்டினார். தினமும் வைக்கிறவன் சரிவில் நிறுத்தும்போது மட்டும் மறப்பானா? அவர் கேட்டது நியாயம்தான். அப்பா மறக்கவில்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

நான் வரிசையைவிட்டு ஓடினேன். பின்னால் அம்மா கூப்பிடுவது கேட்டது. விறகடுக்கின் அடியிலிருந்து கட்டையை இழுத்துக்கொண்டு வந்து, துரையின் பூட்ஸுக்கு முன்னால் வைத்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு வந்தது ஒரே ஒரு வரிதான்.

"பழத்துக்கு எடம் இல்ல."

"என்ன பழம்?" என்றார் துரை.

கிராணிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆயுத பூசையையும், நான்கு சக்கரங்களையும், நான்கு எலுமிச்சம்பழங்களையும் இங்கிலீஷில் கைகால் ஆட்டி விளக்கினார். காவலர் ஒருவர் கோயில் பக்கம் போய், நசுங்கிக் காய்ந்த ஒரு பழத்தையும் நசுங்காத மூன்று பழங்களையும் எடுத்துவந்தார். மற்ற மூன்றும் சக்கரம் பட்டதும் பக்கவாட்டில் உருண்டு தப்பித்துவிட்டன போலிருக்கிறது. துரை குந்தி உட்கார்ந்து பழத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். காரின் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கார்தானே... கார்தானே" என்று அப்பாவின் தோளைத் தட்டினார்.

துரைக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். சொந்தக் கார் இடிபட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. பக்கத்துத் தோட்டத்துத் துரையைக் காட்டுக்குள் இருந்தவர்கள் சடக்கில், நடுரோட்டில், வழிமறித்துச் சுட்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதும், தன் லயத்துக்குள்ளேயே அவர்களுக்கு ஆள் இருக்கிறது என்று அன்று காலையெல்லாம் அவர் நம்பிக்கொண்டிருந்தார் என்பதும் பெரியவனான பிறகுதான் விளங்கின.

லாரி வெறுமையாகத் திரும்பிப் போனது. மாமா முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி, "பெயிண்ட் மட்டும் இன்னும் ஒரு நாள் காஞ்சிருந்தா..." என்று தொடங்கினார். அம்மா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். கடைசி வீட்டு அத்தை தன் பெண்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "பழத்துக்கு எடம் இல்லியா ஒனக்கு?" என்றாள். வலிக்காத குட்டு. களம் முழுக்கச் சிரித்தது.

அப்பா வேலையில் நீடித்தார். அடுத்த வாரமே கார் சிரம்பானுக்குப் போய் கைப்பிரேக்கும் பம்பரும் சரியாகித் திரும்பி வந்தது. அடுத்த வருஷ ஆயுத பூசைக்குத் துரை காரோடு இரண்டு கட்டைகள் கொடுத்தனுப்பினார். பழம் வைக்கிற வேலை எனக்குத் தரப்படவில்லை.

ஆனால் லாரி திரும்பிப் போன அன்று, சாப்பிட உட்கார்ந்தபோது என் மனத்தில் இருந்தது வேறு. கார் இடித்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். வெயிலில் நிறுத்தி, அரிசி இல்லை என்று மிரட்டியும், ஒருவர்கூட அதைச் சொல்லவில்லையே?

"ஏம்மா, அவங்க எல்லாருக்கும் மறந்திருச்சா?" என்று கேட்டேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, மறந்திருச்சி. நீ சாப்புடு" என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். நேற்று சாயந்திரம் நடந்ததை இன்று காலையில் மறந்துவிடுகிற ஆட்களோடு இந்த லயத்தில் காலம் தள்ள வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.