ஃபேலோ என்றால் தரிசா?

காலை 7.40-க்குச் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினேன். கவரைப்பேட்டைக்குப் பத்து ரூபாய் டிக்கெட். மீஞ்சூர் தாண்டும்போதே தங்கை தனம் போன் செய்துவிட்டாள். "எங்கண்ணா வந்துக்கினு இருக்க?" அவளுக்கு ஓர் ஆங்கிலத் தாளைப் படித்துச் சொல்ல வேண்டும். நான் பிழைப்பது மொழிபெயர்ப்பில்.

9.10. ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ. நான்கு கிலோமீட்டருக்கு இருபது ரூபாய்.

"எந்த ஊடு சார்?"

"ஏழுமலை வீடு. என் தங்கச்சி வீட்டுக்காரர்."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "போன ஆடியில நெலம் ஓட்டிக்கினு இருந்தாரு சார். வெதைக்கிறதுக்குள்ள நெஞ்சுவலி வந்து போயிட்டாரு."

தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே அங்கங்கே நெல் நின்றது.

தனம் காபி கொடுத்துவிட்டுத் தாளை நீட்டினாள். அவளுடைய ஒன்றரை ஏக்கரைக் கிடங்கு கட்ட விலைக்குக் கேட்பவர்கள் தயாரித்த ஒப்பந்தம். நிலத்தின் நிலை என்ற இடத்தில் ஒரே சொல்: ஃபேலோ (fallow).

"தரிசுன்னு அர்த்தமாமே, புரோக்கர் சொன்னாரு. விக்கிறேண்ணா, ஒண்டியா என்னால பயிர் வைக்க முடியாது. ஆனா அவரு நெலத்தைத் தரிசா போட்டாருன்னு கையெழுத்துப் போட மாட்டேன். ஓட்டிட்டுத்தானே போனாரு?"

அவள் முதலில் போனில் இந்தச் சொல்லைச் சொன்ன அன்றே அகராதிகளைப் புரட்டியிருந்தேன். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் இந்த வார்த்தையை உழவுக்குத்தான் சொன்னான், தனம். உழுதுட்டு, விதைக்காம, மண்ணு ஆறட்டும்னு விட்ட நிலம்."

"இப்போ இன்னா அர்த்தம்?"

மறைக்க மனம் வரவில்லை. "இப்போ சும்மா கிடக்கிற நிலம்னுதான். இவங்க எழுதினதும் அப்படித்தான்."

"எனக்குப் பழசே போதும்ணா."

கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிய பிறகுதான் அழுதாள்.

மதியம் நிலத்துக்குக் கூட்டிப் போனாள். முழங்கால் உயரப் புல். செருப்பைக் கழற்றச் சொன்னாள். புல்லுக்கடியில் உழவுச்சால்கள் இன்னும் மேடும் பள்ளமுமாய்ப் பாதத்தில் தட்டுப்பட்டன.

"தெரியுதாண்ணா?"

"தெரியுதும்மா."

2.30 ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. எத்தனையோ நிலப் பத்திரங்களில் அந்தச் சொல் வந்தபோதெல்லாம், யோசிக்காமல் தரிசு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். அவற்றில் எந்தெந்த நிலத்தை யார் யார் உழுதுவிட்டுப் போயிருந்தார்களோ.