சம்பந்தி பார்த்த வைத்தியம்

எல்விரா ஜெர்மனிக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்றுவிட்டாள். மிஞ்சியது மோரிட்ஸ் மட்டும்தான். இகுவானா என்ற பச்சை ஓணான். வாலோடு சேர்த்தால் எங்கள் சாப்பாட்டு மேசையின் நீளம் இருக்கும். எல்லை தாண்ட அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. எதிர்வீட்டில் இருந்த என் அக்கா தொர்கினிடம், கீரை போட்டால் போதும், விளக்கு மட்டும் அணையக் கூடாது என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனாள். அக்காவுக்குப் பல்லியைக் கண்டாலே ஆகாது. இருந்தும் வாங்கிக்கொண்டாள்.

முடியாது என்று சொல்ல அக்காவுக்கு வராது. சுரங்க நகரமான கராகண்டாவில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. யாராவது விடுப்புக் கேட்டால் அவர்கள் பங்கையும் சேர்த்துச் செய்வாள். சாலையில் யாராவது வழி மறித்துத் தங்கள் குறையைச் சொன்னால், உறைபனியிலும் கடைசிவரை நின்று கேட்பாள். அத்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்து, மகள் அஸெம் கல்யாணமாகிக் கர்கராலிக்குப் போன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். அந்த வெறுமையில் மோரிட்ஸ் வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்து அவள் கதவைத் திறந்தால், தாடையின் கீழ்த் தொங்கும் தோலை விரித்து இரண்டு தரம் தலையாட்டும். “வாங்கன்னு சொல்றான் பாரு” என்பாள். கோடையில் விளையாட்டு மைதானத்து ஓரம் குனிந்து குனிந்து மஞ்சள் பூச்செடியின் இலை பறிப்பாள். அக்கா முயல் வளர்ப்பதாகத் தெருவில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது குளிர்காலம் முடியும் சமயத்தில் மோரிட்ஸ் தின்பதை நிறுத்தியது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்தது. அக்கா அதைச் சால்வையில் சுற்றி, மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறிப் பக்கத்துப் பேட்டையில் இருந்த மிருக வைத்தியசாலைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கிருந்த டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமே நின்றார். கடிக்குமா என்று கேட்டார். கடிக்காது என்றாள் அக்கா. அப்படியும் தொடவில்லை. வைட்டமின் எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பூனையோடு காத்திருந்த ஒரு கிழவி, இதற்குப் போய்ப் பேருந்துக்கு டிக்கெட் வாங்கினாயா என்று கேட்டுச் சிரித்தாள்.

விஷயம் அஸெம் வழியாக அவள் மாமனார் ஒஸ்பானின் காதுக்குப் போனது. அவரே கால்நடை வைத்தியர். முப்பது வருஷம் கூட்டுப்பண்ணை ஆடுகளைப் பார்த்தவர். கேட்டவுடன் புறப்பட்டு வந்துவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு வந்தால் மற்ற வேலை எதுவும் வேலை இல்லை. அக்கா கறி வேகவைத்தாள், பெரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து அவர் முன் நகர்த்தினாள். சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு மோரிட்ஸின் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். தட்டியதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“உப்புசம். ஈரப் புல்லை மேய்ஞ்ச ஆட்டுக்கு வர்றது இதுதான். கீரையை நிறுத்துங்க சம்பந்தியம்மா.”

பனிக்காலத்தில் ஏது ஈரப் புல் என்று அக்கா கேட்கவில்லை. அவர் சூரியகாந்தி எண்ணெயைப் பெரிய ஊசிக்குழாயில் உறிஞ்சி, வாயை விரலால் திறந்து, ஆட்டுக்கு ஊற்றுவதைப் போல ஒரே மூச்சில் உள்ளே விட்டார். மோரிட்ஸ் மூக்கின் வழியாக எண்ணெயை ஊதியது. முன்கால் மேலே இருக்க வேண்டும் என்று அதைத் தலையணையில் சாய்த்து வைத்து, வயிற்றை மேலிருந்து கீழாக நீவினார். அவர் கையில் ஈவிரக்கம் இல்லாமல் இல்லை. அத்தனை தூரம் வந்ததே அக்கா மேல் வைத்த மரியாதைக்காகத்தான். தினமும் இப்படியே ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். அக்கா இரண்டு நாள் ஊற்றினாள். மூன்றாம் நாள் அது அவள் கையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பிறகு ஊற்றவில்லை.

அந்த நாட்களில் மோரிட்ஸ் கம்பளத்தின் மூலையைச் சுரண்ட ஆரம்பித்தது. நகம் தேய்கிற அளவுக்குச் சுரண்டியது. நான் ஊர் முழுக்க விசாரித்து, பாம்பு, ஆமை எல்லாம் பார்க்கிற இன்னா என்ற பெண் டாக்டர் இருப்பதைக் கண்டுபிடித்தேன். சனிக்கிழமை மட்டும்தான் பார்ப்பாளாம். அக்காவே தொலைபேசியில் பேசினாள். தோண்டுகிறதா என்றுதான் இன்னா முதலில் கேட்டாள். தோண்டினால் அது பெண்ணாக இருக்கலாம், வயிற்றில் முட்டையாக இருக்கலாம், துணை இல்லாமலேயே இவை முட்டை வைக்கும், எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம், வயிற்றை யாரும் அழுத்தக் கூடாது, சனிக்கிழமை கொண்டு வாருங்கள் என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஒஸ்பான் மறுபடியும் வந்து நின்றார். இந்த முறை கையில் தோல் பை. வயிறு இன்னும் பெரிதாகியிருப்பதைப் பார்த்தார். இனி எண்ணெயால் ஆகாது, காலையில் விலாவில் குத்திக் காற்றை எடுத்துவிடலாம் என்றார். ஆட்டுக்குக் குத்துகிற குழல் ஊசி பைக்குள் இருந்தது. அக்கா பால் விட்ட தேநீரை அவர் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். டாக்டரிடம் கொண்டுபோகப் போகிறேன் என்று சொல்வது, உங்கள் வைத்தியம் ஆகாது என்று சம்பந்தியின் முகத்துக்கு நேரே சொல்வதுதான். அந்தச் சொல் கர்கராலிக்குப் போகும். அங்கே அடுப்படியில் நிற்பது அஸெம்.

எங்கள் வழக்கத்தில் சம்பந்தியை எதிர்த்துப் பேச வழியில்லை. ஆனால் கேலி செய்ய வழி உண்டு. கல்யாணத்தின்போது பெண்கள் நாங்கள் சேர்ந்து ஒஸ்பானின் சட்டையை மெத்தையோடு வைத்துத் தைத்திருக்கிறோம். எழுந்தபோது மெத்தையும் கூடவே எழுந்தது. தொப்பியை ஒளித்துவைத்து, திருப்பித் தர விலையாகத் துணி கேட்டிருக்கிறோம். பெண்கள் அப்படிக் கேட்டால் சம்பந்தி கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவரைக் கஞ்சன் என்று ஏழு ஊர் சொல்லும்.

காலையில் அவர் எழுந்து பையைத் தேடினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார், செருப்பு வைக்கும் இடத்தில் பார்த்தார். நானும் மாடிவீட்டுப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டோம். அவருக்குப் புரிந்துவிட்டது. குஷியாகிவிட்டார்.

“சரி சரி. இந்த வீட்டுத் திருடிங்களுக்கு என்ன வேணுமாம்? பட்டுத்துணியா? நீங்களே சொல்லுங்க சம்பந்தியம்மா.”

அக்கா கையைத் துண்டில் துடைத்தாள். “துணி வேண்டாம். மோரிட்ஸை விட்டுடுங்க. இனிமே நீங்க தொட வேண்டாம்.”

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் நிறுத்திக்கொண்டார்.

“நான் பார்த்த ஆடு எத்தனை ஆயிரம்னு தெரியுமா உங்களுக்கு?”

“இது ஆடு இல்லையே, சம்பந்தி.”

அவர் தேநீர் குடிக்கவில்லை. ஆனால் முறைக்குக் கட்டுப்பட்டார். சரி, தொடவில்லை என்று ஒரே வார்த்தையில் சொன்னார். அக்கா மாவு டப்பாவுக்குள்ளிருந்து பையை எடுத்து, ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு அவரிடம் கொடுத்தாள். மீதிக் கறியைக் கட்டி அதோடு வைத்தாள். கீழே போகும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா மோரிட்ஸைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு இன்னாவிடம் கிளம்பினாள்.

எக்ஸ்ரேயில் வயிறு முழுக்கத் திராட்சைக்குலை போல முட்டைகள். இன்னா கால்சியம் ஊசி போட்டு, ஈர மணல் நிரப்பிய தொட்டி வைக்கச் சொன்னாள். பிறகு கருவியை முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டாள். மூச்சில் சத்தம் இருக்கிறது, வாய் வழியாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அக்கா சொன்னாள். இன்னா மருந்து எழுதினாள், வேறெதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒதுக்கிவிட்ட சலவைத் தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி மணல் நிரப்பினோம். மோரிட்ஸ் ஒரு பகல் முழுக்கத் தோண்டி, முட்டையிட்டு, மூக்கால் மணலைத் தள்ளி மூடியது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தனை நாளா இவளை அவன்னு கூப்பிட்டிருக்கேன் பாரு” என்று என்னிடம் சொன்னாள். அடுத்த நாள் அது இலை தின்றது. ஆனால் மூச்சு சரியாகவில்லை. வாயைத் திறந்தே வைத்துக்கொண்டிருந்தது. ஊசி, ஆவி, மறுபடி ஊசி. ஏப்ரலில், வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களை நகரம் நிறுத்திய வாரத்தில், அக்காவின் மடியிலேயே செத்துப்போனது. எண்ணெய் நுரையீரலில் இறங்கியிருந்தது என்று இன்னா அப்போதுதான் சொன்னாள்.

இதை அஸெமிடம் சொல்ல வேண்டாம் என்றாள் அக்கா. செத்தது என்று மட்டும் சொன்னோம்.

மூன்றாம் நாள் ஒஸ்பான் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, மனிதர் இறந்தால் சொல்கிறபடி, “பின்னால வர்றது நல்லதா இருக்கட்டும், சம்பந்தியம்மா” என்றார். குத்திக்காட்டுகிறாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி இல்லை. உட்கார்ந்தார். எதனால் போனது என்று கேட்டார்.

வயசாச்சு என்று சொல்லியிருக்கலாம். குளிர் தாங்கவில்லை என்றால் அவர் நம்பியிருப்பார். அவள் அதைத்தான் சொல்வாள் என்று நினைத்து நான் அடுப்பின் பக்கம் திரும்பிவிட்டேன்.

“வயித்துல முட்டை இருந்துச்சு. நீங்க ஊத்தின எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிடுச்சு. அப்புறம் நானும் ரெண்டு நாள் ஊத்தினேன். அதுலதான் போச்சு.”

அவர் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அக்கா பேச்சை மாற்றவில்லை, சமாதானமாக எதையும் சேர்க்கவில்லை.

“எப்படிக் கொடுத்திருக்கணும்?” என்று கடைசியில் கேட்டார்.

“கொடுத்திருக்கவே கூடாது, சம்பந்தி.”

தலையை ஆட்டினார். கிண்ணத்தை நீட்டினார். அக்கா அதைப் பாதி அளவு நிரப்பிக் கொடுத்தாள், மரியாதைக்குரியவருக்குக் கொடுக்கிறபடி. அஸெமுக்கு அந்த வீட்டில் ஒரு கெடுதலும் வரவில்லை. ஒஸ்பான் அடிக்கடி வந்தார். முன்பைவிடக் குறைவாகப் பேசினார்.

போன பிப்ரவரியில் அக்கா இறந்தாள். வீடு கொள்ளாத கூட்டம். சலவைக்கூடத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தொர்கின் வாயிலிருந்து யாரும் ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை, யார் மனமும் நோக அவள் பேசியதில்லை என்று மாறி மாறிச் சொன்னார்கள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். கதவோரம் இருந்த ஒஸ்பான் மட்டும் இல்லை என்று தலையசைத்தார்.

“என்கிட்ட பேசியிருக்காங்க” என்றார்.

ஏதோ பரிசு வாங்கியவர் சொல்வதைப் போலத்தான் எனக்குக் கேட்டது. என்ன பேசினாள் என்று ஒரு பெண் கேட்டாள். அவர் குனிந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.