சாம்பியாவிலிருந்து வந்த கசற்

கரவெட்டிப் பராசக்தி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். தம்பி சோமசேகரத்தைப் பட்டதாரியாக்கியதும் அவள்தான். எண்பத்துநாலில் கணக்கு வாத்தியாராகச் சாம்பியாவுக்குப் போனவன், ஒன்பது வருடமாகியும் ஒருதரமும் ஊருக்கு வரவில்லை. 'இந்த மார்கழிக்காவது வருவியோ?' என்று கேட்டு மாசியில் எழுதியிருந்தாள். கடிதத்துக்குப் பதிலாக, ஆவணியில், கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் அவன் பேசிப் பதிந்த ஒலிநாடா, ஒரு கசற், வந்து சேர்ந்தது.

சண்டையால் ஊரில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. பக்கத்து வீட்டுக் கதிரவேலு தன் சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரைக் கசற் போடும் றேடியோவில் கொழுவினார். பெடலைக் கையால் சுற்றினால் கசற் ஓடும். கை தளர்ந்தால் குரல் இழுபடும்.

தம்பி சொல்வதைக் குறித்துவைக்கப் பராசக்தி கொப்பியில் திகதி எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

"இனிச் சுத்துங்கோ அண்ணை." கசற்றில் தம்பியின் குரல் எழுந்தது.

"அக்கா, சுகமோ? நான் இப்ப காட்டுக்கை, ஜீப்பிலை இருக்கிறன். மிருகம் பாக்க வந்தனாங்கள். விடிய அஞ்சரை."

பென்சில் அசையவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போனானோ என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"யானையள் ஆத்தைக் கடக்குது. பதினாலு. நீங்கள் கேப்பியளெண்டு எண்ணினனான்."

'யானை 14' என்று எழுதியவளின் முகம் மலர்ந்தது. "பாத்தியளே, எண்ணியிருக்கிறான்!"

அடுத்தது நீர்யானை. அது வாயைப் பிளந்து கொட்டாவி விட்டதாம்.

"கூட்டத்திலை எங்கடை சங்கத் தலைவர் மாதிரி!" கதிரவேலு குலுங்கிச் சிரித்தார். கை தளர்ந்தது. "அக்கா" என்ற சொல் கிழவன் குரலில் நீண்டு இழுபட்டது. பராசக்திக்குத் திக்கென்றது. தம்பிக்கும் நாற்பத்தொன்று. அவனுடைய ஒரு நரைமயிரையும் அவள் கண்டதில்லை.

"அண்ணை, சிரிக்கிறதெண்டால் கையை விடாமல் சிரியுங்கோ."

மத்தியானம் ஒட்டகச்சிவிங்கி மூன்று கண்டானாம். பிறகு, "கிட்ட ஒரு சிங்கம் படுத்திருக்கு" என்று சோமசேகரத்தின் குரல் குசுகுசுப்பாக இறங்கியது. கனநேரம் குருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

"உவன் சிங்கம் பாக்கப் போனவனோ, நித்திரை கொள்ளப் போனவனோ? வாறதைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையே" என்றார் கதிரவேலு.

"அங்கை சத்தம் போட்டால் மிருகம் ஓடியிடும். படிச்ச பிள்ளை, சொன்ன சொல்லுக் கேக்கும்" என்றாள் பராசக்தி. என்றாலும் பாயை இழுத்துப் போட்டு, றேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா…" பெருமூச்சு ஒன்று கேட்டது. "மார்கழிக்கு வாறதைக் கேட்டியள். அது வந்து… பொறுங்கோ, சிங்கம் எழும்பீட்டுது. பிறகு சொல்லுறன்."

தூரத்தில் ஒரு உறுமல். டக்கென்று கசற் முடிந்தது.

பராசக்தி மற்றப் பக்கத்தைப் போட்டாள். கதிரவேலு சுற்றினார். இரைச்சல் மட்டும் வந்தது. பத்து நிமிடம் சுற்றியும் அதே இரைச்சல்.

"இதிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. வெறும் பக்கம்."

"ஓம் அண்ணை, கை உளைஞ்சிருக்கும். நீங்கள் போய் இருங்கோ."

அவர் போனதும் பெடலைத் தன் கையில் எடுத்தாள். அந்தப் பக்கம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தம்பி எங்கேயாவது ஒரு சொல் சொல்லி வைத்திருந்தால், அது இழுபடாமல் வர வேண்டும். வேகம் கூடாமலும் குறையாமலும் அவள் சுற்றிக்கொண்டேயிருந்தாள்.