பாபநாசம் சோதனைச் சாவடியோடு முடிந்த கிறிஸ்துமஸ் விடுமுறை

போன வருடக் கிறிஸ்துமஸ் அன்று பாளையங்கோட்டையில், மாமனார் வீட்டில், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் மாடியில் ஆபீஸ் அழைப்பில் இருந்தேன். இறங்கி வந்தபோது பந்தி முடிந்து இலையெல்லாம் எடுத்தாயிற்று. என் மனைவி பியூலா இந்த நவம்பரில்தான் அதைப் பற்றிப் பேசினாள்: "இந்தத் தடவை 24ல இருந்து 28 வரைக்கும் போன் கிடையாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. பாளையில ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலைக்கு என்னைக் கூப்பிடுதாவ. நான் அங்கனயே இருந்துருவேன்." பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒன்றைச் சொல்லிச் செய்யாமல் விட்டதில்லை. சரி என்றேன்.

23 இரவு எழும்பூரில் ரயில் ஏறி, 24 காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி. இறங்கியதும் பிளாட்பாரத்திலேயே போனை அணைத்து அவள் கைப்பையில் போட்டேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான்தான் அவளைப் பார்க்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். காரணம், என் பெட்டியில் துவாலைக்குள் இன்னொரு போன் இருந்தது. ஆபீஸ் சிம் போட்ட பழைய போன்.

திட்டிக்கொள்ளுங்கள், நியாயம்தான்.

25 அதிகாலை ஐந்து மணி ஆராதனைக்கு முழு மனதோடு போனதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்கு முன் குளியலறையில் இரண்டு முறை செய்திகளைப் பார்த்திருந்தேன். மாமனார் வேறு, "மாப்பிள்ளை இந்த வருசம் நம்ம கூடயே இருக்காரு" என்று கோயில் வாசலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார். எங்கே போய் ஒளிய?

26 காலை 7.15க்கு நாங்கள் இருவரும் அகஸ்தியர் அருவி பார்க்க வாடகைக் காரில் கிளம்பினோம். முழு நாளுக்கு 2,600 ரூபாய், ஓட்டுநர் படி உட்பட. ஓட்டுநர் சுடலைமுத்து அண்ணாச்சி, ஐம்பது வயதிருக்கும், அளவாகப் பேசுவார். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் 35 கிலோமீட்டர். மழை முடிந்த டிசம்பர், வழியெல்லாம் வயல் பச்சை. அம்பையில் இட்லி சாப்பிட்டுவிட்டு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போனால் பாபநாசம். அதைத் தாண்டி மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. அகஸ்தியர் அருவிக்கு அதைக் கடந்துதான் போக வேண்டும். 9.40க்கு வரிசையில் நின்றோம்.

நான் செய்த முட்டாள்தனம் இதுதான். அருவித் தண்ணீர் தெறிக்கும் என்று அந்தப் போனைப் பாலித்தீன் கவரில் சுற்றித் துவாலைக்குள் வைத்திருந்தேன். சாவடியில் அவர்கள் தேடுவதே பாலித்தீனையும் பாட்டிலையும்தான். காவலர் பையில் கைவிட்டார். கவர் சரசரத்தது. வெளியே எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"போர்டு வச்சிருக்குல்லா சார்? கவரை இங்கன போட்டுட்டு போனை மட்டும் கொண்டு போங்க."

கவருக்குள் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பதினேழு செய்திகள். பியூலா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வண்டிய திருப்புங்க அண்ணாச்சி" என்றாள்.

அருவிக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் கட்டத்துக்கே நாங்கள் வரவில்லை.

பாபநாசம் கோயிலுக்கு எதிரே படித்துறையில் தாமிரபரணி நிறையப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழ்ப்படியில் உட்கார்ந்து, "வாசிங்க" என்றாள். ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு இடத்தில் விரலைச் சற்று வேகமாகத் தள்ளினேன்.

"நடுவுல ஒண்ணை விட்டுட்டிய."

அது ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் கார்த்திக்குக்கு நான் அனுப்பியது. வாசித்தேன். "இந்த நம்பருக்குக் கூப்பிடு. வீட்டில் ஒரு சின்ன நாடகம் ஓடுகிறது. 28க்குப் பிறகு சரியாகிவிடும்."

அவள் அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. காலடியில் வந்து போன மீன்களைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவரைக் கூப்பிடுங்க. 28 வரைக்கும் கூப்பிடாதீங்கன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

படியில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. மேலே ஏறி, சாலையோரம் நின்று கூப்பிட்டேன். சொல்லவும் செய்தேன். கார்த்திக்கும் உடனே, "சாரி அண்ணா, கூப்பிட மாட்டேன். வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம்" என்றான். ஒன்றுதானே என்று பதில் சொன்னேன். அதிலிருந்து இன்னொன்று கிளம்பியது. பேசி முடித்து நேரத்தைப் பார்த்தால் பதினொரு நிமிடம் ஓடியிருந்தது. படித்துறையில் அவள் இல்லை.

காரிடம் ஓடினேன்.

"அம்மா திருநெல்வேலி பஸ்ல ஏறிட்டாவ சார்" என்றார் அண்ணாச்சி. "உங்களை அவசரமில்லாம பையப் பேசிட்டு வரச் சொன்னாவ."

விக்கிரமசிங்கபுரத்தில் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். ஜன்னலோரம் இருந்தாள். கார் பக்கத்தில் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "முன்னால போயி மறிச்சு நிறுத்தவா சார்?" என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். மறித்து நிறுத்தி என்ன சொல்வது? பஸ் நின்ற இடத்திலெல்லாம் நாங்களும் நின்றோம். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்ததில்லை. அதுவும் பின்னந்தலையை.

மீதிக்கு முன், போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். (தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.) விடுமுறை நாட்களில் சாவடிக்கு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வரிசை நீளும். தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள், அம்பையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கார் இல்லாவிட்டாலும் பாபநாசத்துக்குப் பஸ் இருக்கிறது. சாவடிக்கு மேலே சிக்னல் கிடைப்பது கஷ்டம் என்றார்கள், அதுவும் நல்லதுதான். போனை அணைப்பதென்றால் ஆபீஸிடம் நீங்களே, உங்கள் வாயால், முதலிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மனைவிக்காக அணைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பாளை வந்தபோது மணி 12.40. அவள் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் கோயிலில் அசனம், சபை மொத்தமும் சேர்ந்து உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் விருந்து. அதற்குக் கோயில் வளாகத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பியூலா. அவள் எதிரே போய் உட்காரக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. நின்றுகொண்டே "தப்பு பண்ணிட்டேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நிமிராமல் சொன்னாள்: "28ஆம் தேதி திரும்பிப் போற டிக்கெட்ல என் பேரை எடுத்துருங்க."

"நாளைக்குப் பேசுவோமே, பியூலா."

"இப்பவே எடுங்க. அந்தப் போன்தான் கையில இருக்குல்லா."

எடுத்தேன். இரண்டு பேரில் ஒருவரை மட்டும் ரத்து செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.