உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை

பொலிகண்டிக் கடற்கரையில் அந்த வெள்ளை வான் வந்து நின்றாலே குணலட்சுமி முருகனைக் கூப்பிடத் தொடங்குவாள். வருகிறவர்கள் கள்ளரோ காடையரோ அல்ல. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்த சனங்கள்தான். சினிமாப் படம் எடுத்த இடங்களைக் காட்டுகிறோம் என்று நல்லூரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு திரிகிற சுற்றுலா அது. வேலிகளுக்கு நடுவே கதாநாயகி ஓடிய ஒழுங்கை, கதாநாயகன் அடிவாங்கிய சந்தை, கடைசியாகக் குணலட்சுமியின் வீடு. ஒழுங்கையைப் பார்க்கவும் காசு கொடுத்து ஆள் வருமா என்று ஊர் சிரித்தது. ஊர் என்ன சொன்னாலும் வான் நிறையத்தான் வந்தது.

அவர்கள் பார்க்க வந்தது அவளின் ஹோல் சுவரில் தொங்கிய ஒரு படத்தை. அவளின் புருசன் செல்வநாயகம் கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரானபோது எடுத்துப் பெருப்பித்த படம் அது. சென்னையிலிருந்து வந்தவர்கள் அவளின் வீட்டில் வைத்து எடுத்த சினிமாக் கதையில், கடலுக்குப் போன ஒருவர் திரும்பி வரவில்லை. சுவரில் மாட்டச் செத்தவர் படம் ஒன்று தேவைப்பட்டது. குணலட்சுமி நெல்லியடிச் சந்தைக்குப் போயிருந்த நேரம், அங்கே தொங்கிய படத்துக்கே பிளாஸ்டிக் மாலை போட்டு, சந்தனப் பொட்டும் வைத்து, கீழே ஒரு சிவப்பு மின்விளக்கும் எரியவிட்டார்கள்.

மரக்கறிப் பையோடு வந்தவள் வாசலில் நின்று அதைக் கண்டாள். பை கையைவிட்டு விழுந்தது. மனுசன் போய்விட்டார் என்றே நினைத்தாள். மனுசனோ கமராக்காரனுக்குப் பக்கத்தில் கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது? உயிரோடை இருக்கிற ஆளுக்கு மாலை போடுறதோ?"

"படம்தானேயப்பா. நடிக்காமலே நடிகனாகிட்டன். அதுக்குச் சந்தோசப்படு."

கடலுக்குப் புறப்படுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது, அவரும் "போறன்" என்று சொல்லக் கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும் என்று வாயைக் கட்டி வளர்ந்தவள் அவள். ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால் மாலைக்கு என்ன பாடு? அன்றிரவு அவள் கண் மூடவில்லை.

அது படப்பிடிப்போடு போயிருந்தால் சந்நிதி முருகனுக்கு ஒரு அர்ச்சனையோடு மறந்திருப்பாள். படம் நன்றாக ஓடித் தொலைத்தது. செல்வநாயகத்தின் தமக்கை மகன் பிரணவன் வானை எடுத்துக்கொண்டு சுற்றுலாவைத் தொடங்கினான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவனுக்கு வாய் மட்டும்தான் இருந்தது. வருகிற ஒவ்வொரு முறையும் மாலையைப் படத்துக்குப் போட்டு விளக்கை எரியவிடுவான். சனங்கள் தொலைபேசியில் அந்தக் காட்சியை ஓடவிட்டுச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "எப்ப தவறினவர்?" என்று கேட்பார். அதற்காகத்தான் அவன் காத்திருப்பான். முகத்தைத் தொங்கப்போட்டு, "மாமி, மாமாவைக் கூப்பிடுங்கோ" என்பான். குசினிக்குள் ஒளிந்திருந்த செல்வநாயகம் சாரத்தோடு வெளியே வருவார். பெண்கள் வீரிட்டுக் கத்துவார்கள், பிறகு எல்லோரும் சிரித்துச் சிரித்து அவரோடு படம் எடுப்பார்கள். இந்த ஒன்றுக்காகவே அந்தச் சுற்றுலாவுக்குப் போகலாம் என்று இணையத்தில் எழுதினார்கள்.

யாழ்ப்பாணத்தில் படிக்கிற மகள் தனுஷிகாவைப் பிரணவனுக்கென்று சின்னனிலேயே பேசி வைத்திருந்தது. வரப்போகிற மருமகனின் பிழைப்பில் மண் போட எந்தத் தாய்க்கு மனம் வரும்? வான் போனதும் மாலையைக் கழற்றி ஒளித்துவைப்பாள். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து மனுசனைச் சுற்றி அடுப்பில் போடுவாள். ஒருநாள் மிளகாய் எரிந்து கருகியும் நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண்ணூறு பட்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து அவர் கடலுக்குப் போன இரவெல்லாம் கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். "மாலைக்குப் பயந்தவள் கடற்கரையிலை கலியாணம் கட்டலாமோ?" என்று அவர் சிரித்தார்.

மார்கழி விடுமுறை நாளொன்றில் வாடைக்காற்று கடுமையாக அடித்தது. விடியப்புறம் மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்துவிட்டன. செல்வநாயகமும் அவரோடு தொழில் செய்கிற டினேசும் போன வள்ளத்தை மட்டும் காணவில்லை. அவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. சங்கத்து ஆட்கள் சிலர் தேடிப் புறப்பட்டார்கள். சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு ஓடி வருவோம் என்று கரையில் நின்ற குணலட்சுமி வீட்டுக்கு வந்தாள். வாசலில் வான் நின்றது.

விசயம் தெரியாத பிரணவன் சனங்களை உள்ளே கூட்டி வந்துவிட்டான். மாலையும் ஏறிவிட்டது, விளக்கும் எரிந்தது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மாலைக்குக் கீழே நின்று, அவர் இன்னும் வரவில்லை என்று வாயால் சொல்லப் பயம். சொன்னால் அது நடந்துவிடும் போலிருந்தது. வந்தவர்களில் ஒரு மனுசி முற்றத்தில் பிடுங்கிய செவ்வரத்தம்பூவைப் படத்தின் கீழே வைத்துக் கும்பிட்டாள்.

"எப்ப அம்மா தவறினவர்?"

பிரணவன் வழக்கம்போல முகத்தைத் தொங்கப்போட்டான். "மாமி, மாமாவைக் கூப்பிடுங்கோவன்."

அவள் ஆளில்லாத குசினியைப் பார்த்தாள்.

"மாமி?"

"அவர் இன்னும் வரேல்லைத் தம்பி. விடியவே வந்திருக்கவேணும்."

பிரணவனின் முகம் வெளுத்தது. சுவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடினான். குணலட்சுமி நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். ஒரு பெடியன் அதைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டே, "மனுசி நல்லா நடிக்கிறா" என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னான். அவனுக்கு ஒரு அறை விட அங்கே ஆளில்லாமல் போனது.

கொஞ்ச நேரத்தில் படலைக் கதவைத் தள்ளிக்கொண்டு செல்வநாயகம் வந்தார். உடம்பெல்லாம் ஈரம், முழங்காலில் இரத்தம். சனங்கள் கத்தினார்கள், பிறகு கைதட்டினார்கள். "வந்த செலவுக்கு இது ஒண்டே காணும்!" என்று ஒருவர் கூவினார். செல்வநாயகம் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"உந்த மாலையைக் கழட்டு" என்றார்.

இயந்திரம் நின்று, அலை அடித்து வள்ளம் கவிழ்ந்திருந்தது. தேடிப்போனவர்கள் வரும்வரை இருவரும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். டினேஸ் ஆஸ்பத்திரியில், உயிருக்குப் பயமில்லை. வான் போனபிறகு செல்வநாயகம் அதைச் சொன்னார்.

"தண்ணிக்குள்ளை கிடக்கேக்கை உந்த மாலைதான் கண்ணுக்கு முன்னாலை நிண்டது. நீ சொன்னது சரிதான் எண்டு நினைச்சன். நினைச்ச உடனை கை வழுக்கத் தொடங்கிட்டுது."

அவர் ஒருநாளாவது இதற்குப் பயப்படமாட்டாரா என்றுதான் அவள் இவ்வளவு காலமும் முருகனை வேண்டியது. இப்போது பயந்துவிட்டார், அவளுக்கு அதுவே பெரிய பயமாய்ப் போனது. இருவருக்குமாகச் சேர்த்து அவள் பயப்பட்டாள், இருவருக்குமாகச் சேர்த்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டே தான் இவ்வளவு நாளும் இருந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

வள்ளம் திருத்தி வந்தது. டினேசும் எழும்பி வந்து கூப்பிட்டான். செல்வநாயகம் கரை வரைக்கும் போவார், அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். இரவில் கடல் இரைந்தால் யன்னலைச் சாத்தச் சொல்வார். கடலைவிட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் போகத்தான் வேண்டும். இந்தப் பயத்தோடு போனால் அடுத்தமுறையும் கை வழுக்கும்தானே என்று நினைத்து அவள் உருகினாள்.

ஒருநாள் காலமை அவள், பெரியபிள்ளையானபோது எடுத்த தன் சாமத்தியவீட்டுப் படத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் துடைத்தாள். அவரின் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டி, ஒளித்துவைத்த மாலையை அதற்குப் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, விளக்கையும் எரியவிட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ."

வந்தவர் திடுக்கிட்டு நின்றார். "என்ன, உனக்கு விசரே?"

"படம்தானேயப்பா" என்று அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "நான் உயிரோடைதானே நிக்கிறன்? பிளாஸ்டிக்குக்குப் பயந்தவர் கடற்கரையிலை கலியாணம் கட்டலாமோ?"

அவர் அவளைப் பார்த்தார். மாலையும் பெரிய பொட்டுமாக முழிசிக்கொண்டிருந்த படத்துப் பெட்டையையும் பார்த்தார். வாய் கோணியது, பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளும் விடாமல் சிரித்தாள்.

வாறது எதுவென்றாலும் முதலில் எனக்கு வரட்டும், அவருக்கு முன்னம் பூவோடும் பொட்டோடும் போனால் எனக்கு அது காணும் முருகா என்று அதிகாலையில் அவள் சந்நிதிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டது அவருக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் டினேஸ் வந்து கூப்பிட, செல்வநாயகம் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். "போட்டு வாறன்" என்றார். "ஓம்" என்றாள். வள்ளம் கண்ணுக்கு மறையும்வரை கரையில் நின்றாள். பிறகு வீட்டுக்கு வந்து, தன் படத்தில் ஒரு பக்கம் சரிந்திருந்த மாலையை நேராக்கிவிட்டாள்.